காலேஜில் சேர்வதும் டிகிரி வாங்குவதும்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். அரசு மகளிர் கல்லூரி ஒன்றில் பி.ஏ. பொருளாதாரம் முடித்து, சமீபத்தில் பட்டமளிப்பு விழாவிலும் கலந்துகொண்டேன். எங்கள் வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான்தான். அதனால் பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு தெருவில் இருக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும் மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்துவிடுகிறார்கள். அவர்கள் கேட்பதையும் நான் சொல்வதையும் இங்கே எழுதி வைக்கிறேன். சேரும்போது எங்களுக்கு யாரும் சொல்லாத சில விஷயங்கள், முடித்து வெளியே வந்த பிறகுதான் விளங்கின. அவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

நம்ம ஏரியாவிலேயே படிக்கலாமா, இல்லை சிட்டிக்குள் போய்த்தான் படிக்கணுமா?

தாராளமாக இங்கேயே படிக்கலாம். பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயா கல்லூரி 1950லிருந்து நடக்கிறது. பிராட்வே பக்கம் பாரதி அரசு மகளிர் கல்லூரி 1964ல் வந்தது, வியாசர்பாடியில் டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி 1973ல். ஆர்.கே. நகரிலும் ஒரு அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் இருப்பவர்கள் கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்தால் பொன்னேரி அரசுக் கல்லூரிக்குப் போய்விடலாம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டபோது சர் தியாகராயா கல்லூரி பெயரிலேயே ஒரு ஸ்டேஷன் வந்துவிட்டது.

1840ல் தொடங்கிய மாநிலக் கல்லூரியிலோ 1914ல் தொடங்கிய ராணி மேரி கல்லூரியிலோ இடம் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆசைப்பட்டால் போங்கள். போவதற்கு முன்னால் ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். விடியற்காலையில் அடிபம்பில் தண்ணீர் அடித்து வைத்துவிட்டு, தம்பி தங்கையை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு, முதல் பீரியடுக்குள் போய்ச் சேர முடியுமா? ஒரு வாரத்துக்கு அல்ல, மூன்று வருஷத்துக்கு முடியுமா? என்னோடு பிளஸ் டூ படித்தவர்களில் தூரத்துக் காலேஜில் சேர்ந்த சிலர் வருகைப் பதிவு குறைந்தே பின்தங்கினார்கள். 75 சதவீதம் வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுதுவதே சிக்கலாகிவிடும். காலேஜ் பெயரைக் கேட்டு சொந்தக்காரர்கள் சந்தோஷப்படுவது சேரும் வாரத்தில் மட்டும்தான். பஸ்ஸில் நின்றுகொண்டே போகப்போவது நீங்கள்.

அரசுக் கல்லூரிக்கு எப்படி அப்ளை பண்ணுவது?

இப்போது எல்லாம் ஆன்லைன்தான். அரசு கலை அறிவியல் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே இணையதளம். நான் சேர்ந்த காலத்தில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். ஒரே கட்டணத்தில் ஐந்து கல்லூரிகள் வரை தேர்ந்தெடுக்கலாம். போனிலேயே முடித்துவிடலாம். முடியாவிட்டால் அரசுக் கல்லூரிகளில் உதவி மையம் திறந்திருப்பார்கள், அங்கே போங்கள். தெருமுனை பிரவுசிங் சென்டரில் கொடுத்தால், அங்கே பதிவாகும் போன் நம்பரும் பாஸ்வேர்டும் உங்களுடையதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். கடைக்காரர் தன் நம்பரைப் போட்டுவிட்டால் கவுன்சிலிங் தேதி அவருக்குத்தான் போகும்.

அரசு உதவிபெறும் கல்லூரிகளும் தனியார் கல்லூரிகளும் இந்த இணையதளத்தில் வராது. அவற்றுக்குத் தனித்தனியாக விண்ணப்பம் வாங்க வேண்டும். உதவிபெறும் கல்லூரியில் ஒரே கட்டடத்துக்குள் அரசு உதவியில் நடக்கும் ஏடட் பிரிவும் இருக்கும், மாணவர் கட்டும் பணத்திலேயே நடக்கும் செல்ஃப் பினான்ஸ் பிரிவும் இருக்கும். இரண்டுக்கும் கட்டணத்தில் பெரிய வித்தியாசம். எதில் இடம் தருகிறார்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

என்னென்ன சர்டிபிகேட் வேண்டும்?

பத்தாவது, பிளஸ் ஒன், பிளஸ் டூ மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ, பேங்க் பாஸ்புக். ஸ்காலர்ஷிப்புக்கு வருமானச் சான்றிதழ். பட்டியல் சின்னதுதான். எல்லாம் வீட்டில் இருக்கும் பிள்ளைகள்கூடத் திணறுவது இனிஷியலில்.

எங்கள் தெருப் பெண் ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். டி.சி.யில் அவள் பெயருக்கு முன்னால் 'கே'. ஆதாரில் இனிஷியலே இல்லை, அப்பா பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் ஓர் எழுத்துக் கூடுதலாக இருந்தது. மூன்று காகிதத்தில் மூன்று ஆள். சேரும்போது ஒன்றும் சொல்லாமல் சேர்த்துக்கொண்டார்கள். அப்புறம் உதவித்தொகை பேங்குக்கு வரவேண்டிய நேரத்தில், ஆதார் பெயரும் பாஸ்புக் பெயரும் ஒத்துப்போகவில்லை என்று நின்றுவிட்டது. ரிசல்ட் வரும்வரை சும்மா இருக்கும் அந்த வாரங்களில் எல்லாக் காகிதத்தையும் பாயில் பரப்பி, பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் ஒத்துப் பாருங்கள். மார்க் ஷீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே மற்றவற்றை மாற்றுங்கள். மார்க் ஷீட்டைத் திருத்துவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். டிகிரி சர்டிபிகேட் வரை அந்தப் பெயர்தான் உங்களோடு வரும்.

வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் மூன்றையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஜூன் மாதம் எல்லோரும் ஒன்றாகப் போய் நிற்பார்கள். ஏப்ரலிலேயே போட்டுவிடுங்கள்.

கவுன்சிலிங் அன்றைக்கு என்ன நடக்கும்?

முதலில் சிறப்பு ஒதுக்கீட்டுக்காரர்களைக் கூப்பிடுவார்கள்: மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு, முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகள். அப்புறம் பொதுக் கலந்தாய்வு, ரேங்க் வரிசையில். பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க்கையும், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மார்க்கையும் பார்ப்பார்கள். மற்றப் பாடங்களுக்கு மொழிகளை விட்டுவிட்டு மீதி நான்கு பாடங்களைக் கூட்டி 400க்கு எவ்வளவு என்று ரேங்க் போடுவார்கள். 600க்கு எவ்வளவு என்று சொல்லிக்கொண்டு போகாதீர்கள்.

நான் போன அன்று காலையிலேயே ஹால் நிறைந்துவிட்டது. ஒவ்வொரு துறைக்கும் எத்தனை இடம் மிச்சம் என்று போர்டில் எழுதியிருந்தார்கள். ஒரு பெண் மேசையை விட்டு எழுந்ததும் ஓர் அண்ணன் வந்து டஸ்டரால் ஒரு எண்ணை அழித்து, ஒன்று குறைத்து எழுதுவார். ஹாலில் இருந்த அத்தனை அம்மாக்களும் அந்த போர்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். என் முறை வருவதற்கு நாலைந்து பேருக்கு முன்னால் பி.காம். வரிசையில் ஓசி என்னும் பொதுப் பிரிவு முதல் எல்லாப் பிரிவுக்கும் பூஜ்யம் விழுந்தது. மேசைக்குப் போனதும் மேடம் கேட்டது ஒரே கேள்வி: "எக்கனாமிக்ஸ் இருக்கு, ஹிஸ்டரி இருக்கு. எது வேணும்மா?" யோசிக்க அரை நிமிஷம்கூடக் கிடைக்காது. அதனால் முதல் விருப்பம், இரண்டாவது, மூன்றாவது என்று வீட்டிலேயே முடிவு செய்து ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டு போங்கள். ஒரிஜினல் எல்லாம் கையில் இருக்கட்டும், ஜெராக்ஸ் மூன்று செட் இருக்கட்டும். கட்டணம் கட்டப் பணமும் வேண்டும். சேர்க்கை அன்றே முடிந்துவிடும்.

கேட்ட பாடம் கிடைக்கவில்லை. சேரலாமா, அடுத்த வருஷம் பார்க்கலாமா?

சேருங்கள். ஒரு வருஷம் வீட்டில் இருந்தால் அந்த வருஷம் சும்மா இருக்காது. பையன் என்றால் ஏதாவது வேலைக்குப் போய்விடுவான், கையில் கூலி வந்து பழகிவிடும். பெண் என்றால் வரன் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

எனக்கும் பொருளாதாரம் கேட்ட பாடம் இல்லை. முதல் செமஸ்டரில் டிமாண்ட், சப்ளை என்று போர்டில் கோடு போட்டபோது அது நான் சின்ன வயதிலிருந்து பார்த்த விஷயமாகவே இருந்தது. மீன்பிடித் தடைக்காலத்தில் வஞ்சிரம் எட்டாத விலைக்குப் போவதும், போட்டுகள் கடலுக்குப் போய்த் திரும்பியதும் ஏலத்தில் விலை இறங்குவதும் காசிமேட்டுப் பிள்ளைகளுக்குப் புத்தகம் பார்த்தா தெரிய வேண்டும்? எங்கள் துறைமுகத்தை, மணலி ஆலையை, எண்ணூர் அனல்மின் நிலையத்தை உதாரணமாக வைத்து நான் எழுதிய அசைன்மென்ட்டுகளைத்தான் எங்கள் பேராசிரியர் வகுப்பில் படித்துக் காட்டினார். பாடத்தை நாம் விரும்பித் தேர்ந்தெடுத்தால்தான் ஒட்டும் என்பதில்லை. படித்துப் பார்த்த பிறகும் பிடிக்கலாம்.

தடைக்காலத்தில் ரிசல்ட் வருகிறது. கையில் பணமே இல்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்வி நம் பகுதிக்கே உரியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பிளஸ் டூ ரிசல்ட், விண்ணப்பம், கவுன்சிலிங் என்று எல்லாமே பெரும்பாலும் அந்த நாட்களை ஒட்டித்தான் வருகின்றன. வருஷத்தில் வீட்டில் காசே இல்லாத காலத்தில்தான் காலேஜ் செலவு வந்து நிற்கும். போட்டில் போகிறவர்கள் வீட்டில் மட்டும் இல்லை, ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர், மீன் வெட்டித் தருபவர் வீட்டிலும் இதே நிலைதான். நிவாரணத் தொகை அரிசி பருப்புக்கே சரியாகிவிடும். நகையை அடகு வைத்து, கந்துவட்டிக்கு வாங்கி, அந்த வட்டியைக் கட்டவே பிள்ளையை இரண்டாம் செமஸ்டரில் வேலைக்கு அனுப்பிய வீடுகளை எனக்குத் தெரியும்.

அதனால்தான் அரசுக் கல்லூரியை முதலில் பாருங்கள் என்கிறேன். அங்கே டியூஷன் பீஸ் கிடையாது. சிறப்புக் கட்டணம், பரீட்சைக் கட்டணம் மாதிரி சில்லறைகள்தான். பஸ் பாஸ் இலவசம். பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் டிக்கெட்டே இல்லை. அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவரவர் கணக்குக்கே வரும். அந்தத் திட்டத்தை 2022 செப்டம்பர் 5ம் தேதி தொடங்கி வைத்தது நம் பாரதி மகளிர் கல்லூரியில்தான். பையன்களுக்கு அதே மாதிரி தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. இவை போக, குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால் ஸ்காலர்ஷிப்புக்கும் எழுதிப் போடலாம்.

ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். இந்தப் பணம் எதுவும் சேரும் அன்றைக்கு வராது, மாதங்கள் கழித்துத்தான் வரும். சேர்க்கைக் கட்டணம், இரண்டு செட் துணி, ஒரு பை, முதல் மாதச் செலவு. இதற்கு மட்டும் பிப்ரவரி, மார்ச்சில் வருமானம் இருக்கும்போதே தனியாக எடுத்து வையுங்கள். மகளிர் குழுவில் இருக்கும் அம்மாக்கள் அந்த மாதக் கடனை இதற்கென்றே கேட்கலாம்.

பணம் கொடுத்தால் சீட் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

நம்பாதீர்கள். அரசுக் கல்லூரியில் ரேங்க் லிஸ்ட் வெளியிடுகிறார்கள், எல்லோரும் பார்க்கலாம். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு குடும்பம் ஓர் ஆளிடம் முன்பணம் கொடுத்து, கடைசியில் சீட்டும் இல்லை, பணமும் இல்லை என்று ஆனது. ரசீது தராத யாரிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் கொடுக்க வேண்டாம்.

இன்ஜினியரிங் சேரலாமா?

கணக்கு உண்மையிலேயே வந்தால் சேரலாம். 200க்குக் கட்-ஆப்: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. நுழைவுத்தேர்வு 2007லேயே போய்விட்டது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2020ல் மருத்துவத்துக்கும் 2021ல் இன்ஜினியரிங் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அதில் இடம் கிடைத்து கவுன்சிலிங் வழியே சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது, ஹாஸ்டல் உட்பட. வீட்டில் யாரும் பட்டதாரி இல்லை என்றால் முதல் தலைமுறைச் சலுகையும் உண்டு. கவுன்சிலிங்குக்கு வெளியே மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இவை எதுவும் கிடைக்காது. அதைத் தெரியாமல் கடன் வாங்கிச் சேர்ந்தவர்கள் நம் பக்கம் நிறைய. டிப்ளமோ முடித்துவிட்டு நேரடியாக இரண்டாம் வருஷம் பி.இ. சேரும் வழியும் இருக்கிறது. சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அது நல்ல வழி.

பிளஸ் டூவில் ஒரு பாடம் போய்விட்டது.

அதே வருஷம் துணைத்தேர்வு எழுதலாம். பாஸ் ஆனால் அந்த வருஷமே சேரவும் வாய்ப்பு உண்டு. பிள்ளையைத் திட்டிக்கொண்டு நாளை ஓட்டாமல், விண்ணப்பத்தேதி தாண்டுவதற்குள் ஸ்கூலுக்குப் போய்க் கேளுங்கள்.

தமிழ் மீடியத்தில் படித்தவர்களால் சமாளிக்க முடியுமா?

முடியும். முதல் மாதம் ஆங்கிலத்தில் நடத்தினால் தலை சுற்றும், அது எல்லோருக்கும்தான். பல கலைப் பாடங்களில் தமிழ்வழிப் பிரிவே இருக்கிறது. ஒன்றாவதிலிருந்து டிகிரி வரை முழுக்கத் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆங்கிலத்தை விட்டுவிடாதீர்கள். இன்டர்வியூவில் அது வேண்டும். எங்கள் வகுப்பில் நாலு பேர் சேர்ந்து மதிய இடைவேளையில் ஒரு பக்கம் பேப்பரைச் சத்தமாகப் படித்துக்கொண்டோம். அவ்வளவுதான் செய்தோம், போகப் போக வந்துவிட்டது.

பையனை அரசுக் கல்லூரிக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது. ரூட்டுத் தகராறு என்று செய்தியில் வருகிறதே?

இந்தப் பயம் நியாயமானது, மறைக்க மாட்டேன். பஸ் ரூட், ரயில் ரூட் என்று கூட்டம் சேர்வதும், 'ரூட்டு தல' என்று ஒருவனைத் தூக்கி வைப்பதும், அதில் அடிதடி வருவதும் நடக்கிறது. ஆனால் எந்தக் காலேஜிலும் பெரும்பாலான பையன்கள் படிக்கத்தான் வருகிறார்கள். காலையில் பேப்பர் போட்டுவிட்டு, மாலையில் டெலிவரி வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். அவர்கள் பேர் செய்தியில் வருவதில்லை, எனக்கு இதில் தீராத மனக்குறை உண்டு.

பையனிடம் உட்கார்ந்து பேசுங்கள். ஒரு வழக்கில் பெயர் ஏறினால் பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் போலீஸ் விசாரணை வரும்போது அது முன்னால் வந்து நிற்கும். அவன் கூட்டத்தோடு ஏறும் வண்டிக்கு முந்தைய வண்டியில் போகட்டும். முதல் செமஸ்டரில் அப்பாவோ மாமாவோ ஒருமுறையாவது துறைத்தலைவரை நேரில் பார்த்துவிட்டு வரட்டும். நம் வீட்டு ஆட்கள் காலேஜுக்குள் போகத் தயங்குவோம். அந்தத் தயக்கம் வேண்டாம்.

சேர்ந்த பிள்ளைகள் ஏன் நடுவில் நின்றுவிடுகிறார்கள்?

சீட் கிடைப்பதற்கு ஊரே உதவி செய்யும். கவுன்சிலர் கடிதம் தருவார், சங்கத்தில் நோட்டு புத்தகம் தருவார்கள், சொந்தக்காரர்கள் வாழ்த்துவார்கள். அதற்கு அப்புறம் யாரும் கேட்பதில்லை. எங்கள் வகுப்பில் சேர்ந்த எல்லோரும் மூன்றாம் வருஷம் இல்லை. ஒருத்திக்குக் கல்யாணம். ஒருத்தியின் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய் அவள் மின்ட் பக்கம் ஒரு கடைக்கு வேலைக்குப் போனாள். மார்க்கால் நின்றவர்கள் குறைவு.

அரியரும், அதாவது பெயிலாகிப் பாக்கி நிற்கும் பேப்பரும், ஒரு காரணம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளில் பொதுவாக காலேஜில் போடும் இன்டர்னல் மார்க் 25, செமஸ்டர் பரீட்சையின் எக்ஸ்டர்னல் மார்க் 75, பாஸ் மார்க் 40. முதல் செமஸ்டரில் இரண்டு பேப்பர் போனதும் 'நமக்கு வராது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அரியரை அடுத்த பரீட்சையிலேயே எழுதிவிடலாம் என்பதே பல வீட்டில் தெரியாது. பிளஸ் டூ பெயில் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள்.

இதனால்தான் சேரும்போதே மூன்று விஷயத்தை வீட்டில் பேசி முடித்துவிடுங்கள் என்று எல்லா அம்மாக்களிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். கடைசிப் பரீட்சை முடியும்வரை கல்யாணப் பேச்சு இல்லை. வேலைக்குப் போனாலும் காலேஜ் நேரம் போக மிச்ச நேரத்தில் மட்டும், அதற்குத் தக்கபடி ஷிப்ட் பார்த்துச் சேர வேண்டும். ஒவ்வொரு செமஸ்டர் ரிசல்ட்டையும் வீட்டில் ஒருவராவது கேட்க வேண்டும்.

பட்டமளிப்பு விழாவுக்கு அவசியம் போகணுமா?

போகாவிட்டாலும் பட்டம் உண்டு. ஆனால் போங்கள், அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பல காலேஜில் படிப்பு முடிந்து மாதக்கணக்கில் ஆன பிறகுதான் விழா நடக்கும். அதற்குள் பாதிப்பேர் வேலையில் இருப்பார்கள். எங்கள் தோழி ஒருத்திக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் லீவு தரவில்லை. அதனால் காலேஜிலிருந்து தேதி வந்ததுமே லீவு கேட்டுவிடுங்கள். முந்தின நாள் ஒத்திகை இருக்கும். கறுப்பு கவுனுக்கு வாடகையும் முன்பணமும் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் முன்பணம் வந்துவிடும். வெயிலில் அந்த கவுன் நன்றாகவே வேகும், உள்ளே பருத்தித் துணி போடுங்கள்.

அன்று அம்மா வியாபாரத்துக்குப் போகவில்லை. மேடையிலிருந்து இறங்கியதும் சர்டிபிகேட்டை வாங்கி, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக என் பெயரைப் படித்தார். ஐந்தாவது வரை படித்தவர். படித்துவிட்டு, "அப்பா பேரு எங்கடி?" என்றார். முன்னால் இருந்த ஓர் எழுத்தைக் காட்டினேன். அதன் மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். அப்பா தவறி வெகுநாள் ஆகிறது. அந்த எழுத்தை ஒரு காகிதத்திலும் மாறாமல் கொண்டுவந்து சேர்த்ததில் எனக்கு அவ்வளவு திருப்தி.

டிகிரி முடிந்ததும் என்னென்ன பேப்பர் வாங்க வேண்டும்?

ஒவ்வொரு செமஸ்டர் மார்க் ஷீட், ஒருங்கிணைந்த மார்க் ஷீட், புரொவிஷனல் என்னும் தற்காலிகப் பட்டச் சான்றிதழ், டி.சி., நன்னடத்தைச் சான்றிதழ். தமிழ்வழியில் படித்திருந்தால் அதற்கான சான்றிதழையும் அப்போதே வாங்கிவிடுங்கள், குரூப் 2 எழுதும்போது தேவைப்படும். லைப்ரரி புத்தகம் பாக்கி இருந்தால் டி.சி. நின்றுவிடும். எல்லாவற்றையும் போனில் ஸ்கேன் செய்து ஈமெயிலில் போட்டு வையுங்கள். மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வரும் தெருக்களில் இருக்கிறோம், ஒரிஜினலை லாமினேட் பண்ணாமல் கெட்டியான பிளாஸ்டிக் கவரில் பரண்மேல் வையுங்கள்.

பாதியில் நின்று சில வருஷம் ஆகிவிட்டது. இனி முடியுமா?

முடியும். மூன்று வருஷமும் வகுப்புக்குப் போய் அரியர் மட்டும் பாக்கி என்றால், உங்கள் காலேஜ் தேர்வுப் பிரிவில் போய்க் கேளுங்கள். அரியர் எழுத எத்தனை வருஷம் அவகாசம், உங்கள் பாடத்திட்டம் மாறிவிட்டதா, அதற்குச் சமமான பேப்பர் எது என்று அங்கேதான் சொல்வார்கள். முதல் வருஷத்திலேயே நின்றவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத் தொலைதூரக் கல்வியிலோ, சைதாப்பேட்டையில் இருக்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ சேரலாம். குழந்தை பெற்ற பிறகு அப்படிச் சேர்ந்து படிப்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். போகும்போது பழைய ஹால் டிக்கெட்டோ ஏதாவது ஒரு செமஸ்டர் மார்க் ஷீட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். பதிவு எண் தெரிந்தால் உங்கள் கணக்கை எடுத்துவிடுவார்கள்.